நீலக் கிளிப்

அத்தியாயம் 14

போன வாரம் அக்காவை ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கையில் ஒரு ஃபைலோடு நிற்க வைத்துவிட்டுப் போனோம். ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள். இனியும் நிற்க வைத்தால் நீங்கள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள்.

அந்த ஃபைல் அவளுடைய தம்பியுடையது. லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டவன், நேற்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். குடல்வால் வீங்கியிருக்கிறது, காலையில் அறுத்து எடுத்துவிடலாம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். "வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று அவன் எவ்வளவோ முரண்டு பிடித்தான். "கூடப் பொறந்தவ ஹெட் சிஸ்டரா இருக்கற எடத்த விட்டுட்டு வேற எங்கடா போவ?" என்று அப்பாதான் இழுத்து வந்தார். அக்காவுக்கு அப்போது டூட்டி முடிந்திருந்தது, அவள் தம்பி என்று அங்கே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவன் அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

அவன் ஏன் முரண்டு பிடித்தான் என்பது இன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஃபைலின் இடது மூலையில் ஒரு நீலக் கிளிப் இருந்தது.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக அந்தக் கிளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஃபைலில் அந்தச் சொல்லை இந்த ஆஸ்பத்திரியில் எழுத மாட்டார்கள். பதிலாக நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைச் செருகிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் கண்ணில் எதுவும் படக்கூடாது, காதும் காதும் வைத்தாற்போல் இருக்க வேண்டும் என்று பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நர்ஸ் யோசித்துச் செய்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறே மாதத்தில் சமையல் ஆள் முதல் வாசல் காவலாளி வரை அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அந்த நீலம் எதையும் மறைக்கவில்லை, தண்டோரா போட்டது. அந்த நர்ஸ் நம் அக்காதான்.

அக்கா ஃபைலை மூடினாள். முதல் கேஸ், ஒரு தலைமையாசிரியரின் ஹெர்னியா, உள்ளே நடந்துகொண்டிருந்தது. வெளியே சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் சின்ன நர்ஸ் எதையோ அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆண்கள் வார்டு, பதினேழாம் கட்டில், இரண்டாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கு மாத்தற?"

"நீலக் கிளிப் சிஸ்டர். கடைசிக்குப் போட்டுட்டேன்."

"யார் சொன்னா?"

சின்ன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பதினேழாம் கட்டிலில் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. "நீங்கதான் சிஸ்டர். நான் சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தீங்களே, நீலம்னா கடைசின்னு."

அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிக் கொடுத்ததென்னவோ உண்மை. அந்தக் கேஸ் முடிந்தால் தியேட்டரையே அலசிக் கழுவ வேண்டும், அதனால் கடைசி என்பது அவள் போட்ட சட்டம். எல்லாக் கேஸுக்கும் ஒரே சுத்தம் போதும், யாருக்கு இருக்கிறது என்று தெரியாததால் எல்லோருக்கும் இருப்பதாகவே நினைத்து வேலை பாருங்கள் என்று மூன்று பயிற்சி வகுப்புகளில் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வந்து, கிளிப் டப்பாவைத் தன் டிராயரில் பத்திரமாக வைத்துக்கொண்டவள் அவள்.

அந்தத் தியேட்டரில் கடைசி என்றால் பெரும்பாலும் நாளைக்கு என்றுதான் பொருள். பெரிய டாக்டர் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மூன்றாவது கேஸ் பித்தப்பை, எப்படியும் இழுக்கும். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடக்கிறான் தம்பி. வீங்கின குடல்வால் பலகையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் வார்டுக்கு ஓடவில்லை. ஓடினால் நாலு பேர் ஏன் என்று பார்ப்பார்கள். நடந்துதான் போனாள், ஆனால் அந்த நடையில் மூச்சு வாங்கியது.

பதினேழாம் கட்டிலைக் கழிப்பறைக் கதவோரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். தம்பி முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி. அக்காவுக்கும் அவளுக்கும் ஆறு வருடமாக ஒட்டுறவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். பண்டிகை, விசேஷம் எதுவானாலும் வருவாள், சிரிப்பாள், நேரத்தோடு கிளம்பிவிடுவாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடக்கூட அக்காவிடம் கொண்டு வந்ததில்லை. திமிர் பிடித்தவள் என்று அக்கா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்.

அக்கா கட்டில் கம்பியில் தொங்கிய சார்ட்டை எடுத்தாள். ஆறு மணிக்கு உடம்புச் சூடு தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. எட்டு மணிக்கும் அதே. ஒன்பதரைக்கும் அதே. நாடித்துடிப்பு எண்பது, எண்பது, எண்பது.

வலியில் புரளுகிற உடம்பு மூன்று தடவையும் ஒரே எண்ணைக் காட்டாது. கையே வைக்காமல் எழுதிய எண்கள் எப்படி இருக்கும் என்று பத்தொன்பது வருட நர்ஸுக்குத் தெரியாதா? கிளிப் போட்ட ஃபைல்களில் அவளே அப்படி எழுதியிருக்கிறாள். அப்போதெல்லாம் அது பெரிய தப்பாகத் தோன்றியதில்லை.

"நேத்துலேந்து யாரும் தொட்டுப் பாக்கல அண்ணி" என்றாள் தம்பி மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. "தூரத்துல நின்னு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. நாங்க பதில் சொல்றதுக்குள்ள போயிடறாங்க."

அக்கா நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். நூற்றிரண்டைத் தாண்டி நின்றது.

"எத்தனை வருஷமாடா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆறு." கண்ணைத் திறக்காமலே சொன்னான். "அவளுக்கு இல்ல. பாப்பாவுக்கும் இல்ல. வருஷா வருஷம் பாக்கறோம். நான் தினம் ஒரு மாத்திரை, ஒரு நாள் விட்டதில்ல. கிருமி ரத்தத்துல தேடினாக் கெடைக்காத அளவுக்குக் கொறஞ்சு போச்சு. நேத்து டூட்டி டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேட்டாரு, மறைக்காம சொன்னேன். மறைச்சிருக்கலாம்."

"எப்படிடா உனக்கு..."

"எல்லாரும் முதல்ல அதத்தான் கேக்கறாங்க. நீயும் கேட்டுட்ட."

அக்காவுக்கு நெஞ்சில் இருந்ததை அடக்க முடியவில்லை. "எங்கிட்ட ஏன்டா சொல்லல? நான் ஒரு நர்ஸ்டா."

"அதனாலதான்."

ஒரு வலி வந்து போகும் வரை அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான். "ஒரு நாள் உன் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நீதான் பரிமாறின. இன்னிக்கு ஒரு நீலக் கிளிப் கேஸு, வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ குளிச்சேன், அப்படியும் மனசு ஒப்பலன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நான் மாத்திரை ஆரம்பிச்சு அன்னிக்குப் பதினோராவது நாள். உங்கிட்ட சொல்லலாம்னுதான் வந்திருந்தேன்."

அக்காவுக்கு அந்தச் சாப்பாடு நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அப்படி எத்தனை நாள் சொல்லியிருந்தால் அது நினைவில் நிற்காமல் போயிருக்கும் என்று எண்ணியபோது அவமானத்தில் காது மடல்கள் எரிந்தன. தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஏன் நேரத்தோடு கிளம்பிப் போனாள் என்பதற்கு இனி யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்கா" என்றான் தம்பி.

"தெரியாது. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சார்ட்டோடு கிளம்பினாள்.

அப்பாவுக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்வது அவ்வளவு சுலபமில்லை. முப்பத்து நாலு வருடம் துணி மில்லில் குறை பார்க்கிற வேலை செய்தவர். ஓடுகிற துணியில் ஓர் இழை தப்பியிருந்தாலும் கையைத் தூக்கி மிஷினை நிறுத்தச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உலகத்தைப் பார்க்கிறார். தியேட்டருக்கு எதிரே பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவதுன்னு சொன்னாங்களே, இன்னும் கூப்பிடலியேம்மா?"

"கூப்பிடுவாங்கப்பா."

"காலைல அவன் ஃபைல நான்தான் தூக்கிட்டு வந்து குடுத்தேன். மூலையில நீலமா ஒண்ணு மாட்டியிருந்துச்சே, அது என்ன?"

"அது ஒண்ணுமில்லப்பா. எல்லா ஃபைல்லயும் மாட்டறதுதான்."

அப்பா சரி என்பதுபோல் தலையாட்டினார். ஆனால் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தியேட்டர் அறைக்குத் திரும்பியதும் அக்கா முதலில் செய்த காரியத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பி ஃபைலிலிருந்து கிளிப்பைப் பிடுங்கினாள். பிடுங்க ஒரு விநாடிதான் ஆயிற்று. இனி பலகையைத் திருத்தினால் போதும், அவன் இரண்டாவதாக உள்ளே போய்விடுவான், அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது.

பலகையைத் துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போன வருடம் பெண்கள் வார்டில் ஒருத்தி கிளிப் போட்ட ஃபைலோடு இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். இரண்டு நாளும் பலகையில் அவளுக்குக் கடைசி வரி, இரண்டு நாளும் நேரமாகிவிட்டது. மூன்றாம் நாள்தான் கத்தி வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அக்கா என்று சொல்லிக்கொள்ள இந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை, அவ்வளவுதானே.

அக்கா கிளிப்பைத் திரும்பவும் மாட்டினாள். டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்தாள். தலைமையாசிரியர் ஃபைலில் ஒன்று, பித்தப்பை ஃபைலில் ஒன்று, நாலாவது ஃபைலில் ஒன்று. எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக அடுக்கினாள்.

முதல் கேஸை முடித்துவிட்டு வந்த பெரிய டாக்டர் டீயைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் மேஜையைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், நாலுமே நீலம்?"

"ஆமா டாக்டர். யாருக்கு இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாருக்கும் போட்டுட்டேன்."

"வெளையாடறீங்களா? தலைமையாசிரியர் காதுக்குப் போனா மனுஷன் என்ன ஆவாரு?"

"கூச்சப்படுவாரு. பதினோரு வருஷமா மத்தவங்களும் அப்படித்தானே பட்டிருப்பாங்க டாக்டர், அது ஏன் நமக்குத் தோணல?"

டாக்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஒரு தடவை ஊசி விரலில் ஏறி, எச்.ஐ.வி. ஒட்டிவிடக் கூடாதென்று இருபத்தெட்டு நாள் மாத்திரை விழுங்கி, வீட்டில் தனி அறையில் படுத்து எழுந்தவர். அதிலிருந்துதான் நீலத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க சிஸ்டர்" என்றார்.

"அன்னிக்கு உங்க விரல்ல ஏறின ஊசி யாரோடது டாக்டர்? அவசரமா வந்த விபத்து கேஸ். டெஸ்ட்டும் இல்ல, கிளிப்பும் இல்ல. கிளிப் இல்லங்கற தைரியத்துல நாமதான் அவசரப்பட்டோம். இந்தக் கிளிப் உங்களையும் காப்பாத்தல."

டாக்டர் கையிலிருந்த டீயில் ஆடை படிந்தது.

"பதினேழாம் கட்டில் நூத்திரெண்டு டாக்டர்" என்றாள் அக்கா. "சார்ட்ல தொண்ணூத்தெட்டுன்னு இருக்கும். அது தொட்டுப் பாக்காம எழுதினது. கிளிப் இருந்தா தொட மாட்டாங்க. நானும் தொட்டதில்ல."

"உங்களுக்கு வேண்டியவங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த நிமிடமே ஸ்ட்ரெச்சர் கிளம்பிவிடும். அது ஹெட் சிஸ்டருக்குச் செய்த சலுகையாக முடிந்துவிடும், நாளைக்குப் பலகையில் மறுபடியும் நீலம் கடைசியில் நிற்கும். நாக்கு நுனி வரை வந்த தம்பியை அக்கா மென்று முழுங்கினாள்.

"குடல்வால் கேஸ் டாக்டர். காய்ச்சல் ஏறிக்கிட்டே இருக்கு."

டாக்டர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று எண்பதையும் விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. டீயைக் கீழே வைத்தார்.

"கொண்டு வரச் சொல்லுங்க" என்றார்.

ஸ்ட்ரெச்சர் தள்ள வந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியில் ரேடியோ என்று பெயர். ஒன்றாம் மாடியில் தும்மினால் மூன்றாம் மாடிக்குச் சேதி போய்விடும், அவர் புண்ணியத்தில். மேஜையில் நாலு நீலக் கிளிப்பைப் பார்த்து வாயைப் பிளந்தார். "நாலு பேருக்குமா சிஸ்டர்?" என்றார். எந்தச் சேதியை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் ரேடியோ தடுமாறிப் போனதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

உள்ளே சின்ன நர்ஸ் ஆபரேஷன் மேஜையைச் சுற்றப் பிளாஸ்டிக் விரிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதல் கேஸுக்கு இதப் போட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப இதுக்கும் வேணாம். எனக்குத் தெரியாம உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு சொல்ல முடியாதும்மா. தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்தேன்."

சின்ன நர்ஸ் ஒன்றும் புரியாமல் விரிப்பை மடித்தாள்.

தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது மணி பதினொன்று பத்து. அக்கா கூடப் போகவில்லை. அந்தக் கையை நம்பி இன்று கத்தரிக்கோலைக்கூடக் கொடுக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ஏற்கெனவே எண்ணி வைத்த பஞ்சுக் கட்டுகளை மறுபடியும் எண்ணினாள். மூன்று தடவையும் மூன்று விதமாக வந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"ஓரத்துல கசிய ஆரம்பிச்சிருந்துச்சு சிஸ்டர். நல்லாக் கழுவி விட்டிருக்கேன், பொழச்சுக்குவாரு. மதியம் வரைக்கும் போட்டிருந்தோம்னா வயிறு பூரா பரவியிருக்கும்." இரண்டடி போனவர் திரும்பினார். "நாளைக்கும் எல்லா ஃபைல்லயும் நீலம்தானா?"

"இல்ல டாக்டர். இனிமே எதுலயும் இல்ல."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தச் சார்ட்டை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அதை எழுதினவர்களுக்கு நாளைக்கு இருக்கிறது கச்சேரி, அதில் அக்காவுக்கும் ஒரு பங்கு வரும்.

அது நாளைக்கு. இப்போது அவள் சுவரில் சாய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் நல்ல சேதி சொல்ல வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதுப்பா. நல்லபடியா முடிஞ்சுது. இன்னும் ஒரு மணி நேரத்துல வார்டுல போய்ப் பாக்கலாம்."

அப்பா பெருமூச்சு விட்டார். பக்கத்தில் உட்காரச் சொல்லி பெஞ்சைத் தட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

"காலைல நான் ஃபைல் குடுத்தப்ப மேஜைல வேற மூணு ஃபைல் இருந்துச்சு" என்றார் அப்பா. சத்தமே இல்லை, மில்லில் குறையைக் காட்டுகிற அதே நிதானம். "அதுல எதுலயும் நீலம் இல்ல. இவனோடதுல மட்டுந்தான். எல்லாத்துலயும் மாட்டறதுதான்னு நீ சொன்னப்ப அது பொய்யின்னு தெரியும். பதினோரு மணிக்குக் கதவு தெறந்தப்ப பாத்தேன், நாலுலயும் இருந்துச்சு. பொய்ய உண்மையாக்கிட்ட."

அக்கா பேச வாயெடுத்தாள். அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஸ்ட்ரெச்சர் தள்ற ஆளுகிட்ட நீலம்னா என்னன்னு கேட்டேன். சொன்னாரு." சிறிது நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். "என் பிள்ளைக்கு என்னன்னு உங்கிட்ட நான் கேக்கல. அத அவந்தான் சொல்லணும். நான் கேக்கறது வேற. அந்த ஆளு அதச் சொல்லும்போது தோள்ல தேய்ச்சுக் கைய தொடைச்சுக்கிட்டாரு. வெறும் வார்த்தைதான் சொன்னாரு, அதுக்கே தொடைச்சுக்கிட்டாரு. இந்த நீலத்த முதமுதல்ல மாட்டினது யாரும்மா?"

தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் அடங்கும் வரை அக்கா காத்திருந்தாள். இன்று காலையிலிருந்து அவள் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான், அதையும் பெற்றவர் பார்த்தவுடனே பிடித்துவிட்டார். இரண்டாவது ஒன்று அவளுக்கு வரவில்லை.

"நான்தாம்பா."

அப்பா அவளைப் பார்த்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

தாழ்வாரத்தின் இடது கோடியில் ஆண்கள் வார்டு. அதற்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போக விட மாட்டார்கள். வலது கோடியில் வாசல். அப்பா குனிந்து, பெஞ்சுக்கடியில் கழற்றி வைத்திருந்த செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார்.